ஒப்புரவு அறியும் கல்வி

(ஆலயத் திருவிழாவையொட்டிப் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாள்களில் ஆலயத்திற்கு வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலரின் கையில் அர்ச்சனைச் சீட்டோடு மற்றொரு தாளும் இருப்பதுண்டு. இத்தனை மணி நேரம் இன்ன தொண்டு செய்தார் என்று பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டிய தாள் அது. அந்த மாணவர் காலணிகளை அடுக்கியிருக்கலாம், தண்ணீர்க் குவளைகளை நிரப்பியிருக்கலாம், கூடத்தைப் பெருக்கியிருக்கலாம். ஒப்பம் கிடைத்ததும் வீடு திரும்புகிறார். ஆலயத்திற்கும் ஒரு வேலை முடிந்தது. பள்ளிக்கும் ஒரு கணக்கு முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு போனார் என்னும் கேள்வியை ஆலயமும் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் காட்டிய வரிசை

திருக்குறளின் 22-ஆம் அதிகாரத்திற்கு 'ஒப்புரவறிதல்' என்பது பெயர். அதற்கு அடுத்த 23-ஆம் அதிகாரம் 'ஈகை'. இல்லாதவர்க்குக் கொடுப்பதைப் பேசுவதற்கு முன்பு, ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்கு உதவும் கடமையை அறிவதைப் பற்றிய அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதிகாரத்தின் பெயரும் 'ஒப்புரவு' என்பதோடு நின்றுவிடவில்லை. 'அறிதல்' என்னும் சொல்லும் அதில் சேர்ந்திருக்கிறது. ஊருக்கு உதவுவது கையினால் செய்யப்படும் செயல் மட்டுமன்று, அது ஓர் அறிவும் ஆகும் என்பதை அந்தப் பெயரே உணர்த்துகிறது எனலாம்.

இக்காலக் கல்வியாளர் 'சேவைவழிக் கற்றல்' என்று கூறுவதன் உட்பொருளும் இதுவே. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி, 1938-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலொன்றில், அனுபவங்கள் எல்லாம் ஒரே அளவில் கல்வி ஆகிவிடுவதில்லை என்று வாதிட்டார். 'சேவைவழிக் கற்றல்' என்னும் சொல்லாட்சி அந்நாட்டில் 1960-களில் உருவாயிற்று. அங்குள்ள மேரிலந்து மாநிலம், பள்ளிப்படிப்பை முடிக்க விரும்பும் மாணவர் 75 மணி நேரம் இத்தகைய பணியில் ஈடுபட வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டில் விதித்தது. அந்தப் பணியை நடுநிலை வகுப்புகளிலேயே தொடங்கலாம்.

சிங்கப்பூரின் வழி

சிங்கப்பூருக்கும் இவ்வெண்ணம் புதியதன்று. 1976-ஆம் ஆண்டில் 'யூஸ் யுவர் ஹேண்ட்ஸ்' என்னும் இயக்கம் பள்ளிகளில் நடத்தப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் துடைப்பமும் வாளியும் ஏந்தித் தங்கள் பள்ளியைத் தாங்களே துப்புரவு செய்தனர். கைவேலையைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்கு இளையரிடம் வளர்ந்துவிடக் கூடாது என்பது அதன் கருத்து. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2016-ஆம் ஆண்டில், எல்லாப் பள்ளிகளிலும் மாணவர் அன்றாடம் சிறிது நேரம் துப்புரவுப் பணியில் ஈடுபட வேண்டும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது.

இவ்விரண்டிற்கும் இடையில், 1997-ஆம் ஆண்டில், சமூக ஈடுபாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அத்திட்டத்தால் விளைந்த நன்மை பெரிது. முதியோர் இல்லத்தின் வாயிலை ஒருபோதும் மிதித்திராத பிள்ளைகள் அங்கே சென்றனர். கொடிநாளில் உண்டியல் ஏந்தி நின்றனர். கடற்கரையில் குப்பை பொறுக்கினர். ஆயினும் 6 மணி நேரம் என்னும் எண், நாளடைவில் சிலரிடம் நோக்கத்தையே விழுங்கிவிட்டது. எந்தப் பணி, யாருக்காக என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதே முதற் கேள்வியாயிற்று.

2012-ஆம் ஆண்டில் அதன் இடத்திற்கு 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்' என்னும் திட்டம் வந்தது. நற்பண்புகளைச் செயலில் காட்டுவது என்பது அதன் பொருள். இதில் இரண்டு கூறுகள் வலியுறுத்தப்படுகின்றன. ஒன்று, பணியின் பொறுப்பை மாணவரே ஏற்பது. மற்றொன்று, செய்த பணியைப் பற்றி மாணவர் பின்னர் சிந்தித்துப் பார்ப்பது. 2014-ஆம் ஆண்டில் உயர்நிலை 1-இல் சேர்ந்த மாணவர் முதல் நடைமுறைக்கு வந்த இணைப்பாட மதிப்பீட்டு முறையிலும் மணிக்கணக்கு அறவே நீங்கிவிடவில்லை. ஆனால் மணி நேரத்தை மட்டும் சேர்த்தவரைவிட, திட்டமிட்டுப் பணியாற்றியவருக்கே அதில் மேல்நிலை கிடைக்கிறது.

ஆகவே அரசாங்கத்தின் ஏட்டில் பாதை தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பாதையில் மாணவர் நடக்க இடமளிக்க வேண்டியது ஆலயம் போன்ற பொது நிலையங்களின் கடமையாகும். ஒரு மாணவர் எத்துணை ஆர்வத்தோடு வந்தாலும், "தம்பி, அந்த மூலையில் நின்று குவளைகளை அடுக்கு" என்பதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் சொல்லாவிட்டால், அவர் அறிந்துகொள்ளப் போவது குவளைகளைப் பற்றி மட்டுமே.

பதின்மூன்று வயதின் இயல்பு

உயர்நிலை 1, 2 ஆகிய வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதினர். தொடக்கநிலை இறுதித் தேர்வு முடிந்திருக்கும். அடுத்த தேசியத் தேர்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும். 'ஏன்' என்னும் கேள்வி மிகுதியாக எழும் பருவம் இது. நீதி, அநீதி பற்றிய உணர்வு கூர்மை அடையும் பருவமும் இதுவே. பெரியவர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியை இந்த வயதினர் விரைவில் கண்டுகொள்வர். இவர்களுக்கு உண்மையான பொறுப்பைக் கொடுத்தால் வியக்கத்தக்க முறையில் நிறைவேற்றுவர். ஒப்புக்கு ஒரு வேலையைக் கொடுத்தால், தொண்டு என்பதே ஒப்புக்குச் செய்யும் வேலை என்று முடிவு செய்துவிடுவர். அந்த முடிவைப் பிற்காலத்தில் மாற்றுவது எளிதன்று.

ஒரு கைப்பிடிச் சோறு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அன்னதானக் கூடத்தில் உதவ எட்டு மாணவர் வருகின்றனர் என்று கொள்வோம். வழக்கமாக அவர்களிடம் சாம்பார் வாளியையும் கரண்டியையும் கொடுத்துப் பந்தியில் நிற்கச் சொல்வதுண்டு. அதுவும் நற்பணியே. ஆனால் அதற்கு முன்பு, "உணவு எவ்வளவு வீணாகிறது, ஏன் வீணாகிறது, எவ்வாறு குறைக்கலாம் என்று கண்டறிந்து சொல்லுங்கள்" என்று நிர்வாகக் குழு அவர்களைக் கேட்டுக்கொண்டால் நிலைமை முற்றிலும் வேறாகிவிடும்.

முதலில் அவர்கள் மடைப்பள்ளிக்குச் சென்று, எத்தனை படி அரிசி வடிக்கப்படுகிறது, எத்தனை பேர் வருவர் என்பது எதைக்கொண்டு கணிக்கப்படுகிறது என்றெல்லாம் கேட்டறிய வேண்டியிருக்கும். பல்லாண்டு அனுபவத்தால் கண்ணளவிலேயே கணக்குச் சொல்லும் சமையற்காரரின் திறமை அவர்களுக்கு அப்போது புலப்படும். பின்னர் பந்தி முடிந்ததும், மிஞ்சியதை அவர்கள் எடைபோடுவர். அண்டாவில் தொடப்படாமல் மிஞ்சிய சோறு வேறு, இலையிலும் தட்டிலும் எறியப்பட்ட சோறு வேறு என்பது அவர்களுக்கு விரைவில் விளங்கும். முன்னது கணிப்பில் நேர்ந்த பிழை. பின்னது பரிமாறுவதில் அல்லது உண்பதில் நேர்ந்த பிழை. இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.

300 பேர் உண்ட ஒரு வேளையில், எறியப்பட்ட உணவு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோ என்பதைக் கேட்டவுடன் மனம் திடுக்கிடும். ஆனால் அதனை 300-ஆல் வகுத்தால் ஒருவருக்கு 60 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு கைப்பிடி, என்று விடை வரும். ஒரு கைப்பிடிச் சோற்றை ஒதுக்கும் எவரும் தாம் குற்றம் செய்ததாக நினைப்பதில்லை. யாரும் தவறு செய்யாமலே ஒரு பெருந்தவறு நேர்ந்துவிடுகிறது. வகுப்பறையில் சராசரி காண்பதைக் கணிதமாக மட்டும் கற்ற பிள்ளை, சமுதாயத்தின் இயல்பையே அந்தச் சராசரி காட்டுவதை இங்கே காண்கிறது.

அதன் பின் கேள்விகள் தாமாகவே பெருகும். எறிந்த உணவு எங்கே செல்கிறது? சிங்கப்பூரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 755,000 டன் உணவுக் கழிவு உண்டாயிற்று. அதில் பெரும்பகுதி எரிக்கப்படுகிறது. எஞ்சும் சாம்பல் செமாக்காவ் குப்பை நிரப்பிடத்தைச் சென்றடைகிறது. 1999-ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய அந்த நிரப்பிடமே நாட்டில் எஞ்சியுள்ள ஒரே நிரப்பிடம். 2035-ஆம் ஆண்டுவாக்கில் அதுவும் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கும் நாட்டில், கப்பலேறி வந்த அரிசி, கடலோரத் தீவில் சாம்பலாகிக் கிடக்கிறது. இதனைப் பாடநூலில் படித்தால் மறந்துபோகலாம். தன் கையால் எடைபோட்டுப் பார்த்த மாணவருக்கு எளிதில் மறக்காது.

எடைபோடுவது அபசாரமா?

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயற்கை. "பிரசாதத்தைத் தராசில் வைப்பதா? பல்லாண்டு கைங்கரியம் செய்து வருபவரின் குறையைச் சின்னப் பிள்ளைகள் எழுதிக் காட்டுவதா?" என்று மூத்த தொண்டர் ஒருவர் மனம் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தைப் புறக்கணித்தல் முறையன்று. விடியலில் எழுந்து, அடுப்பின் வெக்கையில் நின்று, ஒரு வெள்ளியும் பெறாமல் ஆயிரம் பேர் பசியாற்றியவரிடம் கணக்குக் கேட்பது போல் அது தோன்றிவிடலாம்.

ஆயினும் பிரசாதம் என்று போற்றுவதனால்தான் அது குப்பைத் தொட்டிக்குப் போகலாகாது. எடைபோடுவது குற்றம் காண்பதற்கு அன்று; அருமையை உணர்வதற்கு. மேலும், மாணவர் தம் முடிவுகளை முதலில் அந்த மூத்த தொண்டரிடமே கொண்டு சென்று காட்ட வேண்டும் என்பதை ஒரு நெறியாக வைத்துவிடலாம். அவர் ஒரு பார்வையில், "குழந்தைகளுக்கும் பெரிய கரண்டியால் பரிமாறுகிறார்கள், அதுதான் காரணம்" என்று சொல்லிவிடக்கூடும். எட்டு மாணவர் மூன்று வாரம் முயன்று கண்டதை அவர் முன்பே அறிந்திருக்கலாம். அவரிடம் கேட்பார்தான் இல்லாமல் இருந்திருக்கலாம். உண்மையைப் பணிவோடு சொல்லுதல், மூத்தோரின் அறிவைக் கேட்டுப் பெறுதல் ஆகிய இரண்டையும் ஒரே நாளில் கற்பிக்கும் வகுப்பறை வேறு எங்கும் இல்லை.

அடுத்த வாரம் சிறிய கரண்டியால் பரிமாறிப் பார்த்து, மீண்டும் எடைபோட வேண்டும். எடை குறையலாம், குறையாமலும் போகலாம். குறையாவிட்டால் அதுவும் பாடமே. நல்லெண்ணம் மட்டும் போதாது, காரணத்தைச் சரியாக அறிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பாடம்.

முதியோரிடம் செல்லும்போது

தாதிமை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் செல்வது மாணவர் விரும்பி ஏற்கும் மற்றொரு பணியாகும். தீபாவளியையொட்டி முறுக்கும் பலகாரமும் கொண்டுசென்று, இரண்டு பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. ஆனால் முதியவரின் நிலையிலிருந்து இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் தெரியாத பிள்ளைகள் வருகின்றனர், போகின்றனர், மீண்டும் வருவதில்லை. அவர் மற்றவரின் புண்ணியத்திற்கு ஒரு கருவியாகிவிடுகிறார். தம்மிடமும் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதை அவர் காட்ட வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதற்கு மாறாக, அதே இரண்டு மாணவர் அதே முதியவரை நான்கு முறை சென்று காண்பதாகத் திட்டமிடலாம். முதல் நாளில் பேச்சு தடுமாறும். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர் இல்லங்களில் மிகுதியாகப் பேசப்படும் மொழி ஆங்கிலமே. ஆகவே பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது தேர்வுக்குரிய பாடமாகவே இருக்கிறது. பேச்சுத் தமிழன்றி வேறு மொழி அறியாத ஒரு பாட்டியின் முன் அமரும்போதுதான், தமிழ் தமக்கு எதற்குத் தேவை என்பது அவர்களுக்கு விளங்கும். மூன்றாம் சந்திப்பில் பாட்டி தாமாகவே பேசத் தொடங்கலாம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கணவரைப் பற்றிச் சொல்லலாம். செம்பவாங் கடற்படைத் தளத்து வாழ்க்கையைப் பற்றிச் சொல்லலாம். தமிழ்ப்பள்ளியில் படித்த நாள்களைப் பற்றிச் சொல்லலாம். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அத்தகைய பள்ளிகளில் பயின்றோரின் நினைவுகள் அவர்களோடு மறைந்துவிடாமல் காக்க, கேட்கும் செவிகள் வேண்டும்.

இப்பணியில் சில வரம்புகள் தேவை. கேட்டதை எழுதுவதற்கு முதியவரின் இசைவைப் பெற வேண்டும். படம் எடுப்பதற்கும் அவ்வாறே. நோயையும் குடும்பத் துயரையும் துருவிக் கேட்டல் ஆகாது. நான்காம் சந்திப்போடு விடைபெறுவதாயின் அதனை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். வருவதாகச் சொல்லி வராமல் இருப்பது, வராமலே இருப்பதைவிடக் கொடிது.

கைத்தொண்டின் மதிப்பு

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாற்றை மெய்யன்பர்கள் அறிவர். பஞ்ச காலத்தில் அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டு, திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினார். நாவுக்கரசர் பெற்ற காசு கடைத்தெருவில் வட்டம் ஏதுமின்றி உடனே ஏற்கப்பட்டது. சம்பந்தர் பெற்ற காசுக்கோ வட்டம் கேட்டனர். அதனால் அவர் மடத்தில் அடியார் உண்ண நேரமாயிற்று. பின்னர் அவரும் பதிகம் பாடி வட்டமில்லாத காசு பெற்றார். நாவுக்கரசரின் காசுக்கு அச்சிறப்பு வாய்த்த காரணம் அவர் செய்த கைத்தொண்டே என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் கருத்து. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய கைகளுக்கு இறைவன் அளித்த மதிப்பு அது.

மாணவர் பெறும் ஒப்பத்தையும் இந்தக் காசோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பங்கள் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்று வாழ்க்கை என்னும் கடைத்தெருவில் முழு விலைக்குச் செல்லும், மற்றொன்று செல்லாது. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது செய்தவரின் மனமும், செய்வித்தவரின் அக்கறையும் ஆகும்.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, நிர்வாகக் குழுவினருக்கு. மாணவர் வருவதற்கு முன்பே அவர்களுக்கென ஒரு தொண்டரைப் பொறுப்பாக நியமித்தல் நலம். பணி எதற்காக என்பதைப் பத்து நிமிடம் விளக்குங்கள். பணி முடிந்ததும், "என்ன கண்டீர்கள்? எதை மாற்றலாம்?" என்று மற்றொரு பத்து நிமிடம் கேளுங்கள். ஒப்பம் அதன் பிறகு இடப்படட்டும். அவர்கள் தரும் கருத்துகளில் ஒன்றையேனும் குழுக் கூட்டத்தில் எடுத்து ஆராய்ந்து, ஏற்றால் ஏற்றதாகவும், மறுத்தால் காரணத்தோடும் அவர்களுக்குத் தெரிவியுங்கள். வேற்றுச் சமயப் பிள்ளைகளும் வகுப்புத் தோழரோடு வரக்கூடும். அவர்களுக்கு ஆலய ஒழுங்குகளை அன்போடு எடுத்துரைத்து, பணியை வேறாகவும் வழிபாட்டை வேறாகவும் வைத்தல் முறையாகும்.

இரண்டாவது, பெற்றோருக்கு. பிள்ளைக்காகத் தாளை நீட்டி ஒப்பம் கேட்பது பெற்றோரின் வேலையன்று. வீடு திரும்பிய பிள்ளையிடம், "எத்தனை மணி நேரம் கிடைத்தது?" என்று கேட்பதற்கு மாறாக, "இன்று யாரைச் சந்தித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை எதைப் பெரிதாக மதிக்கும் என்பதை அந்த ஒரு கேள்வி மாற்றிவிடக்கூடும்.

மூன்றாவது, மாணவச் செல்வங்களுக்கு. கொடுத்த வேலையைச் செம்மையாகச் செய்யுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கண்ணில் பட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். புரியாததை மூத்தோரிடம் கேளுங்கள். மாற்ற வேண்டியது உண்டெனில் பணிவோடும் சான்றோடும் சொல்லுங்கள்.

இந்த ஆலயத்தின் தூண்களை எழுப்பிய தலைமுறையினர் எந்தத் தாளிலும் ஒப்பம் கேட்டதில்லை. இன்று அண்டா தூக்கும் தோள்கள் பல அறுபதைக் கடந்தவை. அவற்றிற்கு அடுத்த தோள்கள் எங்கிருந்து வரும் என்பது நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் உள்ள கவலை. அழைப்பு விடுத்து ஆள் சேர்ப்பதால் மட்டும் அது தீராது. பதின்மூன்று வயதில் தன் சொல்லுக்கு இங்கே மதிப்புண்டு என்று கண்டுகொண்ட பிள்ளை, முப்பது வயதில் அழைக்காமலே வரும்.

எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் இளையோர்க்கும் மூத்தோர்க்கும் துணை நிற்பதாக.